சுடுதண்ணீர் அலுமாரிக்குள் பன்னிரண்டு போத்தல்கள்

என் மைத்துனன் சுதன் அன்று குடிக்கவில்லை. குடித்தான் என்று என் மனைவியை நம்பவைத்தவன் நான். ஏழு வருடங்களாக அவள் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள்.

இவ்வளவுதான். இத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் கை சொல்கிறது... ஆனால் ஏன் செய்தாய் என்று நீங்கள் கேட்பீர்கள். சொன்னால் சிரிப்பு வரும். ஒரு பியர்ப் போட்டிக்காக!

தோர்ண்டன் ஹீத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மர ஷெட் இருக்கிறது. ரயில்வேயில் சிக்னல் திருத்துகிற வேலை முடிந்து வந்து, அதற்குள்தான் நான் பியர் காய்ச்சுவேன். மாலதி அதைத் தடுத்ததில்லை. இரண்டே நிபந்தனைகள்: வீட்டுக்குள் ஒரு சொட்டும் வரக்கூடாது. விரத நாட்களில் ஷெட் திறக்கக்கூடாது.

பிறகு அவளுடைய தம்பி சுதன் வந்து சேர்ந்தான். பாரிசில் குடித்துக் குடித்துக் குடும்பத்தைக் கலைத்துவிட்டு, ஒரு பெட்டியோடு வந்தான். மாடியிலிருந்த சின்ன அறையை அவனுக்குக் கொடுத்தோம். ஷெட்டுக்குப் பூட்டு வந்தது. சாவி குசினியில், அடுப்புக்கு மேலிருந்த ஆணியில் தொங்கியது. அந்தக் கார்த்திகையில் அவன் குடியை விட்டுப் பதினொரு மாதங்கள். முருகன் படத்தில் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். காப்பாற்றியும் வந்தான்.

குரோய்டனில் ஒரு பப்பின் பின்னறையில், வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் மாதம் ஒருமுறை கூடுவோம். நான் ஒருவன்தான் தமிழன். பனங்கட்டி போட்டுக் காய்ச்சிய என் கறுப்பு பியரைக் குடித்துவிட்டு, பீற்றர் என்ற கிழவர் கிளாசை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டார். இருபது வருடம் இந்த நாட்டில் இருந்தும், என் கையால் செய்த ஒன்றை ஒரு வெள்ளைக்காரர் மறுபடி கேட்டது அதுவே முதற்தடவை. அந்த ஒரு கிளாசில் நான் தலைகால் தெரியாமல் போனேன்! போட்டிக்குப் பெயர் கொடுத்தேன்.

முதல் தடவை காய்ச்சியது புளித்துப் போயிற்று. முழுவதையும் வடிகாலில் ஊற்றிவிட்டு மறுபடி தொடங்கினேன். இரண்டாவதைப் போத்தலில் அடைத்தபோது போட்டிக்குக் கையளிக்கும் சனிக்கிழமைக்கு ஒன்பதே நாட்கள் இருந்தன.

அடைக்கும்போது கொஞ்சம் இனிப்புச் சேர்க்கவேண்டும். ஈஸ்ட் அதைத் தின்று வாயுவை உண்டாக்கும். நுரை அப்படித்தான் வரும். நல்ல சூட்டில் வைத்தாலும் இரண்டு வாரம் வேண்டும். நான் பனங்கட்டியை நிறுக்கவில்லை. கையால் உடைத்து, கரைத்து, நாக்கில் விட்டுப் பார்த்து ஊற்றினேன். எங்கள் குசினிகளில் யார் எதை நிறுத்துப் போட்டார்கள்? விரைவாக நுரைக்கட்டும் என்று மேலும் ஒரு துண்டு...

ஆனால் ஷெட்டுக்குள் குளிர். நான்கு நாட்களாகியும் போத்தலில் ஒரு குமிழி இல்லை. திங்கட்கிழமை கந்தசஷ்டி விரதம் தொடங்கியது. ஆறாம் நாள், சூரன்போர், அதே சனிக்கிழமை!

நான் என்ன செய்தேன் தெரியுமா? மாலதி கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, பன்னிரண்டு போத்தல்களையும் மாடிக்குக் கொண்டுபோனேன். எங்கள் வீட்டில் எப்போதும் சூடாக இருக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான். சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கும் அலுமாரி. அது சுதனின் அறைக்குள், அவனுடைய தலையணையிலிருந்து ஒரு முழத் தூரத்தில்.

மறுநாளே அவன் கண்டுபிடித்துவிட்டான்.

"அத்தான், அலுமாரிக்குள்ள இருக்கிறது உங்கட போத்தலோ?"

"சனிக்கிழமை வரைக்கும் பொறு சுதன். அக்காவுக்குச் சொல்லிப்போடாதை."

"சரி அத்தான். இருக்க இடம் தந்தனீங்கள், இதுகூடச் செய்யமாட்டனோ?" என்றான். பிறகு பார்த்தேன், தலையணையைக் கட்டிலின் மறுகோடிக்கு மாற்றியிருந்தான். என் மனதுக்கு அப்போதாவது உறைத்ததா? இல்லை! ஒரு போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் பின்னேரம் மாலதி விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். சுதன் வேலை முடிந்து வந்து அப்போதுதான் மாடிக்கு ஏறியிருந்தான். மேலே படீரென்று ஒரு சத்தம். இருவரும் ஓடினோம்.

அலுமாரிக் கதவின் கீழால் மண்ணிற நுரை வழிந்து கம்பளத்தில் ஊறிக்கொண்டிருந்தது. அறை முழுவதும் பியர் நெடி. வேலைச் சட்டையோடு சுதன் நடுவில் நின்றான். மாலதி கதவைத் திறந்தாள். வாயு முட்டி வெடித்த ஒரு போத்தலின் கண்ணாடி. மிச்சம் பதினொரு போத்தல்கள்.

அவள் தம்பியைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டாள்.

"இவன் உங்கட ஷெட்டுக்குள்ளயிருந்து களவாய் எடுத்ததோ?"

உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? திட்டியிருப்பாள். இரண்டு நாள் பேசாமல் இருந்திருப்பாள். பியர் முழுவதும் வடிகாலுக்குப் போயிருக்கும். போட்டி போயிருக்கும். அவ்வளவுதானே... அவ்வளவுதானே!

"அப்பிடித்தான் போல கிடக்கு," என்றேன்.

மூன்று சொற்கள். சுதன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். அவன் காத்திருந்தான். நான் வாயைத் திறக்க அவகாசம் தந்தான். நான் தரையில் கிடந்த கண்ணாடித் துண்டுகளைப் பார்த்தேன்.

"ஓம் அக்கா," என்றான் அவன். "நான்தான் எடுத்தனான்."

மாலதி அப்படியே நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். "விரத நாளிலையுமோடா? முருகன்ர படத்தில அடிச்சுச் சொன்னியேடா!" அவனுடைய வாயை ஒருமுறை முகர்ந்து பார்த்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும். அவள் பார்க்கவில்லை. நான் சொன்னதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை விடிய, சுதன் பெட்டியோடு இல்ஃபோர்டில் ஒரு சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டான். எல்லாவற்றையும் ஊற்றச் சொன்னாள் மாலதி. எட்டுப் போத்தல்களை ஊற்றினேன். மூன்றை வைத்துக்கொண்டேன். போட்டிக்கு மூன்றுதான் தேவை. கேட்டீர்களா, அப்போதும்கூட எனக்கு எண்ணிக்கை நினைவிருந்தது!

சனிக்கிழமை வேலை என்று பொய் சொல்லிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாம் பரிசு கிடைத்தது. 'அவசரப்படாமல் பொறுமையாகப் பதப்படுத்தியிருக்கிறார்' என்று நடுவர் எழுதியிருந்தார். அந்தத் தாளையும் சான்றிதழையும் ஷெட்டுக்குள் ஒரு தகரப் பெட்டியில் போட்டு மூடினேன். அதன் பிறகு நான் பியர் காய்ச்சியதில்லை. அது ஒரு தண்டனையா என்ன? என்னையே ஏமாற்றுகிற இன்னொரு வித்தை.

மூன்று வருடங்களுக்கு முன் எங்கள் மகள் பெரியபிள்ளையாகி, அவளுக்குச் சாமத்தியச் சடங்கு. தாய்மாமன் தேங்காய் உடைக்கவேண்டும். "குடிகாரன்ர கை என்ர பிள்ளைக்கு வேண்டாம்" என்று மாலதி ஒன்றுவிட்ட அண்ணனை அழைத்து உடைப்பித்தாள். சொந்தத் தாய்மாமன் மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தான். வெளியே கார்த் தரிப்பிடத்தில், கார்களின் பின்பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு ஆண்கள் எல்லோரும் விஸ்கி ஊற்றினார்கள். நானும் குடித்தேன். சுதன் கோக் டின்னோடு நின்று என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அடுத்த கிழமையே இல்ஃபோர்டுக்குப் போனேன். "அக்காவுக்கு எல்லாத்தையும் சொல்லப்போறன்" என்றேன்.

"இப்ப சொல்லி என்ன அத்தான்?" என்றான். "தம்பி கெட்டவன் எண்டதை அக்கா தாங்கிப்போட்டா. பிள்ளையின்ர சடங்கிலயும் என்னை ஒதுக்கிப்போட்டா. அதெல்லாம் பிழை எண்டு தெரிஞ்சா, அவ உயிரோட இருக்கமாட்டா. என்னால தாங்க ஏலுது. விடுங்கோ."

விட்டேன். அவன் கேட்டதற்காகவா, எனக்கு வசதி என்பதற்காகவா? உங்களுக்கே தெரியும்.

போத்தல் வெடித்த அந்த வருடத்திலிருந்து மாலதி கந்தசஷ்டி விரதத்தை வேறு விதமாகப் பிடிக்கிறாள். முன்பு ஒரு நேரம் சோறு உண்பாள். இப்போது ஆறு நாளும் பின்னேரத்தில் ஒரு கிளாஸ் பால் மட்டும். தம்பி குடியை விடவேண்டும் என்பதே நேர்த்திக்கடன். எட்டு வருடமாக ஒரு சொட்டும் தொடாதவனுக்காக, என் மனைவி ஏழு வருடமாகப் பட்டினி கிடக்கிறாள்! போன வருடம் மூன்றாம் நாள் குளியலறையில் மயங்கி விழுந்தாள். விடச்சொல்லிக் கெஞ்சினேன். "அவன் திருந்துமட்டும் விடமாட்டன்" என்றாள். திருந்துவதற்கு அவனிடம் என்ன இருக்கிறது?

இன்று இந்த வருட விரதத்தின் இரண்டாம் நாள். பாலைச் சுடவைத்து நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டு வெறும் கிளாஸை என்னிடம் தந்தாள்.

"இந்த முறை முருகன் கேப்பார் எண்டு மனசு சொல்லுது," என்றாள். "நீங்களும் அவனுக்காக ஒருக்காக் கும்பிடுங்கோவன்."

கிளாஸைக் கீழே வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முருகன் படத்துக்கு முன்னால் நின்று கையைக் கூப்பினேன்.