மாட்டுக்கொட்டிலிலிருந்து ஒரு குழாய்

காஸ் தட்டுப்பாட்டுக் காலத்தில் மூன்று நாள் வரிசையில் நின்று, வெறும் சிலிண்டரோடு திரும்பி வந்தவன் நான். மனைவி விறகடுப்பை மூட்டினாள். அவளுக்கு நெஞ்சில் இழுப்பு. ஒரு தேத்தண்ணீர் வைப்பதற்குள் இரண்டு தடவை முற்றத்துக்கு ஓடிவந்து மூச்சு வாங்குவாள். இந்தப் புகை இனி ஆகாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

உடுவிலில் எங்கள் பக்கத்து வளவுக்காரி ஆறு மாடு வைத்திருக்கிறார். கொட்டிலோடு சாணத் தொட்டி கட்டி, அதில் வரும் வாயுவில்தான் அவர் வீட்டுச் சமையல். மிஞ்சுவதை எங்களுக்குத் தருவதாகச் சொன்னார்.

தொட்டியிலிருந்து எங்கள் அடுப்படிக்கு நூற்றுப் பதினெட்டு அடி. பன்னிரண்டு குழாய்கள், பதினொரு பொருத்துகள். கந்தோரில் பேனை பிடிக்கும் வேலை போக மிகுதி நேரமெல்லாம் வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டவன் என்பதால், மட்டம் பார்க்கும் பொறுப்பை நானே எடுத்தேன்.

நான்கு நாள் அடுப்பு நன்றாக எரிந்தது. ஐந்தாம் நாள் சுவாலை துள்ளியது. ஆறாம் நாள் அணைந்தது. மனைவி மறுபடியும் விறகை எடுத்தாள். நான் மண்ணை விலக்கி, கசிவைத் தேடிச் சவர்க்கார நுரையைப் பதினொரு பொருத்திலும் மும்முறை பூசிப் பார்த்தேன். ஓரிடத்திலும் குமிழி வரவில்லை.

வளவுக்காரி வந்து குழாயை உற்றுப் பார்த்தார்.

“அண்ணை, சரிவு எந்தப் பக்கம்?”

“எங்கடை பக்கம். குழாய்க்கு ஒரு அங்குலம். பிசகில்லை.”

அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “காஸுக்கு வாய்க்கால் வெட்டியிருக்கிறியளே! உது என்ன வெங்காயப் பாத்தியே? காஸோடை ஈரமும் வருமெல்லே. தண்ணியெல்லாம் உங்கடை முனையிலை வந்து நிண்டு பைப்பை அடைச்சுப்போட்டுது.”

சரிவு தொட்டிப் பக்கம் இருந்திருந்தால், ஈரம் தானாகவே தொட்டிக்குத் திரும்பியிருக்கும். இது எனக்குத் தோன்றவேயில்லை. அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை.

தொட்டி வால்வை மூடிவிட்டு எங்கள் முனையைக் கழற்றினோம். கலங்கிய தண்ணீர் ஒன்றரைப் போத்தல் வந்தது. பிறகு முழுக் குழாயையும் கிளப்பி, எங்கள் பக்கம் உயர்த்திப் புதைக்க இரண்டரை நாள் சென்றது. மறுபடியும் அணைந்தால் அவளிடம் என்ன சொல்வது என்பதே என் யோசனை.

ஏழு நாள் விடாமல் எரிந்தது. எட்டாம் நாள் காலை அவள் பிட்டு அவிக்கும்போது நான் வாசலில் நின்றேன். சுவாலை நீலமாக, அசையாமல் நின்றது. காற்றுப் பட்டு அணையுமோ என்று யன்னலைச் சாத்தப் போனேன்.

“இஞ்சாருங்கோ, அதைத் திறந்து விடுங்கோ. காஸ் அடுப்புக்குக் காத்து வேணும். உங்கை நிண்டு பயப்பிடாமல் தேங்காயைத் திருவித் தாங்கோ.”

திருவினேன். பிட்டு அவிந்து, சம்பலும் அரைத்து முடியும்வரை அவள் ஒரு தடவைகூட முற்றத்துக்குப் போகவில்லை.