பூஜைக்குத் துடைத்த மேசை

மகளுக்கு நான்கு மாதம் முடிந்ததும் மறுபடி வேலைக்குப் போனேன். "உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இனி எதுவும் அனுப்ப முடியாது" என்ற எச்சரிக்கை வாரத்துக்கு இரண்டு முறையாவது கணினியில் வந்து நிற்கும். எதனால் என்று எனக்குத் தெரியும். பெயர் வைத்த அன்று என் தம்பி டிஜிட்டல் கேமராவில் எடுத்து அனுப்பிய பதினான்கு படங்கள். வீட்டில் கணினி இல்லை; தம்பியின் கேமராவிலும் அவை இப்போது இல்லை. அவற்றை அழிக்க மனம் வரவில்லை. அதனால் மற்ற மெயில்களையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அழித்தேன். படிக்க நேரமில்லை, ஆனால் எதுவும் தொலைந்துவிடக் கூடாது. பெட்டியில் இருந்த குப்பை மேசைக்கு ஏறியது.

மாலை ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்புவதற்குள் மகள் தூங்கியிருப்பாள். காலை ஷிஃப்டுக்கு மாற்றும்படி மேனேஜரிடம் கேட்டு இரண்டு வாரமாகியும் பதில் இல்லை. குழந்தையைச் சாக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டாரோ? மறுபடி கேட்கவும் கூச்சமாக இருந்தது.

ஆயுத பூஜைக்கு அலுவலகம் முழுவதும் கழுவித் துடைத்தார்கள். அடுகோடிப் பகுதியிலிருந்து தினமும் சுத்தம் செய்ய வரும் அக்கா என் மேசை முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏம்மா, இது டேபிளா, பழைய பேப்பர் கடையா? சாமிக்குப் பொட்டு வெக்க எடமில்ல."

"எல்லாம் வேணும்க்கா."

"எல்லாரும் இதைத்தான் சொல்றீங்க. கோணிப்பையோட நிக்கிறேன், பாத்துப் போடுங்க."

இருவருமாகப் பிரித்தோம். பாதி மூட்டை நிறைந்தபோது அக்கா ஒரு தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"இதுல பாப்பா பால் குடிச்ச நேரம் எழுதியிருக்கீங்க. நாலரை, ஏழே கால்... இதையும் போட்டுடவா?"

மாமியார் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, கையில் அகப்பட்ட தாளின் பின்பக்கத்தில் குறித்திருக்கிறேன். வாங்கி முன்பக்கம் பார்த்தேன். மேனேஜரின் மெயில். காலை ஷிஃப்டில் ஓர் இடம் இருக்கிறது, பூஜைக்குள் சம்மதம் தெரிவிக்காவிட்டால் வேறொருவருக்குப் போய்விடும் என்று எழுதியிருந்தார். படிக்காமலே பிரிண்ட் எடுத்து, படிக்காமலே அழித்திருக்கிறேன்.

சர்வர் அறை வாசலில் மாவிலை கட்டிக்கொண்டிருந்த மேனேஜரிடம் ஓடினேன்.

"சார், எனக்குச் சம்மதம் சார்."

"இப்பத்தான் ஞாபகம் வந்துதா? வேணாம்னு நெனச்சுட்டேன்மா." ஏணியிலிருந்து இறங்காமலே சொன்னார். "வாய்ல சொன்னா ஆகாது. மெயில் போடுங்க. நாலு மணிக்கு லிஸ்ட் போயிடும்."

மணி மூன்றரை. இடத்துக்கு வந்து ஒரே வரி எழுதினேன். பெட்டி நிரம்பிவிட்டது என்றது கணினி.

அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முதல் படத்தைத் திறந்தேன். தொட்டிலில் கண் மூடிக் கிடந்தாள், வாயில் விரல்.

"உங்க பாப்பாவா? மூக்கு உங்க மூக்குதான்."

அந்த ஒன்றை மட்டும் அலுவலகத்துக் கறுப்பு வெள்ளைப் பிரிண்டரில் எடுத்தேன். பிறகு பதினான்கையும் தேர்ந்தெடுத்து அழித்தேன். அந்த ஒரு வரியை மறுபடி அனுப்பினேன். மெயில் போய்ச் சேர்ந்தது. நான்கைந்து படங்களை அழித்திருந்தாலே போதுமாக இருந்திருக்கும் என்பது அப்புறம்தான் உறைத்தது. இன்றும் உறைக்கிறது.

"படம் போனா போவுது, பாப்பா வீட்ல இருக்குதுல்ல?" என்றார் அக்கா. துடைத்த மேசையில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, அதே விரலால் பிரிண்ட் தாளில் இருந்தவளின் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார்.

அடுத்த வாரம், காலை ஷிஃப்ட் முடிந்து, மாலை ஐந்தரைக்கு வீட்டுக் கதவைத் தட்டினேன். மகள் விழித்திருந்தாள். அந்த நேரத்தில் என்னைப் பார்த்துப் பழகாதவள், முதலில் யாரோ என்று அழுதாள். பிறகு தாலிச் சரட்டைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.