அழிக்கச் சொன்ன வீடியோ

ஒரு நாளைக்கு மூன்று தீர்ப்பாவது சொல்லாமல் எங்கள் அம்மா படுக்கப் போனதில்லை. காலையில் டீ போடும்போது ஒரு அமைச்சர். சாயங்காலம் பாத்திரம் கழுவும்போது ஒரு நடிகையின் விவாகரத்து வழக்கு. சாப்பிடும்போது, பதினைந்து பேரை ஒரே வீட்டுக்குள் பூட்டிவைத்து நூறு நாள் அழவிடும் டிவி நிகழ்ச்சி. யார் குற்றவாளி, யார் நடிக்கிறார்கள், யாரை அடுத்த வாரம் வெளியே அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் அம்மாவுக்கு எப்போதும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. வாய்தா என்ற பேச்சுக்கே அவளிடம் இடமில்லை.

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் அம்மா வேலை பார்த்தாள். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைப் பொம்மைகளின் ஓரத்தைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையில் அடுக்கும் வேலை. கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதான் இருக்கும். அதைச் சும்மா வைத்திருக்க அம்மாவுக்கு மனம் வராது. அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து மற்ற பெண்கள் பொம்மையின் மூக்கையும் சேர்த்துச் சீவிவிடுகிறார்கள் என்று மேஸ்திரி குறைபட்டுக்கொள்வாராம்.

அந்தப் பெண்களில் ஒருத்தி லூர்து அக்கா. எங்களுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஒருநாள் வேலை முடிந்து அம்மாவோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், "அக்கா, டிவியில கோட்டு போட்டுக்கிட்டு கத்துறாங்களே, அவங்கள வுட நீ நல்லா பேசுற. நீயே ஒரு சேனல் ஆரம்பி" என்றாள். அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது. ஆறாம் வகுப்பு. அன்றைக்கே அம்மாவின் போனில் சேனலைத் திறந்துவிட்டேன்.

முதல் வீடியோ கொல்லைப்புறத்துத் தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் எடுத்தது. அம்மாவின் முழங்கை வரை வெள்ளை மண் காய்ந்திருந்தது. கட்சி மாறிவிடுவார்களோ என்று எம்.எல்.ஏ.க்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டுபோய் ரிசார்ட்டில் அடைத்துவைக்கும் வழக்கத்தைப் பற்றிப் பேசினாள். "டிவிக்காரன் ஆளுங்கள வூட்டுல பூட்டி வெச்சா அதுக்கு ஷோன்னு பேரு. இவங்க பூட்டி வெச்சா அதுக்கு அரசாங்கம்னு பேரு. ரெண்டுலயும் சோறு நல்லா போடுறாங்க. டிவியில மட்டும்தான் நம்மகிட்ட ஓட்டு கேட்டு வெளிய அனுப்புறாங்க" என்றாள். ஒரு வாரத்தில் பேட்டைப் பெண்கள் அத்தனை பேர் போனிலும் அது ஓடியது.

அப்பாவுக்குத்தான் சங்கடம். சேத்தியாத்தோப்பு போகும் தனியார் பஸ்ஸில் அவர் கண்டக்டர். டிக்கெட் கிழிக்கும்போது முகம் தெரியாத ஆட்களெல்லாம், "உங்க வூட்டம்மா நேத்து மந்திரிய வெச்சு செஞ்சிட்டாங்களே" என்று கேட்கத் தொடங்கினார்கள். வீட்டுக்கு வந்தால், "நமக்கு எதுக்கும்மா ஊர் வம்பு?" என்பார். அவர் அதைச் சொல்லும்போதும் நான் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பேன்.

பேசுவது அம்மா, தலைப்பு என்னுடையது. அதில் நான் கெட்டிக்காரி. 'அதிர்ச்சி' என்ற சொல் இல்லாமல் ஒரு தலைப்பும் வைத்ததில்லை. ஒரு சீரியல் வில்லி மூன்றாம் முறையாகச் செத்துப் பிழைத்ததை அம்மா கிண்டல் செய்தபோது, 'அதிர்ச்சி! பிரபல நடிகைக்கு நேர்ந்த கதி' என்று போட்டேன். பார்ப்பவர்களின் எண்ணிக்கை ஏறுவதைப் பார்ப்பது எனக்குப் பரீட்சையில் முதல் மார்க் வாங்குவதைவிட இனித்தது. அம்மா எண்ணிக்கையைப் பார்த்ததே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டால் அவளுக்குப் பசி தீர்ந்துவிடும்.

இப்படியே ஏழெட்டு மாதம் போயிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் லூர்து அக்காவின் கை மிஷினில் மாட்டிக்கொண்டது.

மண் பிசைகிற மிஷின் அது. மண்ணைப் போடும் வாய்க்கு ஒரு இரும்பு மூடி உண்டு. மூடி இருந்தால் கை உள்ளே போகாது, ஆனால் மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட முடியும். அன்று மிஷினைப் பார்த்துக்கொள்ளும் ஆள் வரவில்லை என்று லூர்து அக்காவை அங்கே நிற்கச் சொன்னார்களாம். மூடி அதன் இடத்தில் இல்லை. வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபோது சேலையெல்லாம் ரத்தம். கையைக்கூடக் கழுவவில்லை. "போன எடுடி" என்றாள். எடுத்தேன். அதுவரை நான் கேட்டிராத குரலில் பேசினாள். முதலாளியைக் கண்டபடி திட்டினாள். அவர் வேண்டுமென்றேதான் கையை வெட்டினார் என்றாள். கேஸும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், ஆளைத் தூக்கி உள்ளே போட வேண்டும் என்றாள். முடித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"பாப்பா, அத போடாத. அழிச்சிடு. கோவத்துல என்னென்னவோ பேசிட்டேன்."

"சரிம்மா" என்றேன்.

நான் அழிக்கவில்லை. அம்மா பேசியதிலேயே அதுதான் சிறந்தது என்று எனக்குத் தோன்றியது. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள், 'அதிர்ச்சி! பெண்ணின் கையை வெட்டிய முதலாளி' என்று தலைப்பு வைத்துப் போட்டுவிட்டேன். அதுவரை நாங்கள் போட்ட எல்லா வீடியோவையும் சேர்த்தாலும் அந்த ஒன்றைப் பார்த்தவர்கள் அதிகம்.

மறுநாள் காலை பட்டறை வாசலிலேயே அம்மாவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். யாரோ அங்கே அவளுக்கு அந்த வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து என் முன்னால் நின்றாள்.

"நீயா போட்ட?"

தலையாட்டினேன். எவ்வளவு பேர் பார்த்திருக்கிறார்கள் என்றும் சொன்னேன். அடிப்பாள் என்று நினைக்கவே இல்லை. அவள் அடிக்கவும் இல்லை. போனை வாங்கி வீடியோவை அழித்தாள். ஆனால் அது அதற்குள் எங்கெங்கோ போய்விட்டிருந்தது. பிறகு, "கேஸு முடியற வரைக்கும் வீடியோ கெடையாது" என்றாள். ஒன்றரை வருடம் அந்தச் சொல்லைக் காப்பாற்றினாள். இடையில் ஒரு தேர்தல் வந்தது. அந்தப் பதினைந்து பேர் நிகழ்ச்சி இன்னொரு தடவை வந்துபோனது. ஒரு பெரிய நடிகரின் வழக்கில் தீர்ப்பு வந்தது. அம்மா வாயை இறுக மூடிக்கொண்டு வெங்காயம் நறுக்கினாள். பார்க்கவே எனக்கு மூச்சு முட்டியது.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், போலீஸ் முதலாளி மேல் வழக்குப் போட்டிருந்தது. அந்தப் பெண்ணே மூடியைக் கழற்றிவிட்டுக் கையை விட்டாள் என்றார் முதலாளி. ஆனால் மூடி ஒரு வாரமாகவே சுவரில் சாய்ந்து கிடந்ததை அம்மா பார்த்திருந்தாள். "மூடிய போட்டா வேல நவுராது, அப்புடியே ஓட்டு" என்று முதலாளி மேஸ்திரியிடம் சொன்னதையும் காதால் கேட்டிருந்தாள். மற்ற பெண்களும் பார்த்தவர்கள்தான். ஆனால் ஒவ்வொருவராக, தாங்கள் அன்று வேறு பக்கம் இருந்ததாகச் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லாருக்கும் வீட்டில் உலை வைக்க வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரி எங்கள் வீட்டுக்கு வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். "நீ பொய்யெல்லாம் சொல்ல வேணாம்மா. சரியா கவனிக்கலன்னு ஒரு வார்த்த சொல்லிடு, போதும். திங்கக்கெழமையே வேலைக்கு வந்துடலாம்."

"கவனிச்சேங்களே" என்றாள் அம்மா.

"அதான் தெரியும்மா. இருந்தாலும்..."

"கவனிச்சத கவனிக்கலன்னு சொன்னா அது பொய்யி இல்லாம என்னாங்க? டீ குடிச்சிட்டுப் போங்க."

அவர் குடிக்காமல் போனார். அப்பா அன்று சாயங்காலம் வரை அம்மாவைச் சுற்றிச் சுற்றி வந்தார். "எதிர் வக்கீலு உன் வீடியோவ எல்லாம் கோர்ட்டுல வெச்சி உன் மானத்த வாங்குவாரு" என்றார். "வாங்கட்டுங்க. நான் சொல்லத்தான் போறேன்" என்றாள் அம்மா. அதற்கு மேல் அப்பா அதைப் பற்றிப் பேசவில்லை. சாட்சி சொல்ல சம்மன் வந்தபோது அவரே வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்தார்.

சாட்சி சொல்லும் நாளன்று எனக்குக் காய்ச்சல் விட்டு இரண்டாம் நாள். வீட்டில் தனியாக விட முடியாமல் அம்மா என்னையும் அழைத்துப்போனாள். நீதிமன்றத்தின் கடைசி பெஞ்சில் லூர்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அக்கா வலது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். அம்மா கூண்டில் ஏறி, உண்மையைத் தவிர வேறெதுவும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தாள். அரசு வக்கீல் கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொன்னாள். மூடி எங்கே இருந்தது, யார் என்ன சொன்னார்கள், அவ்வளவுதான்.

பிறகு முதலாளியின் வக்கீல் எழுந்தார். அவர் கையில் ஒரு கட்டுக் காகிதம். அம்மாவின் வீடியோக்களையெல்லாம் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். அந்தப் பதினைந்து பேர் நிகழ்ச்சியைப் பற்றி அம்மா பேசியதை அவருடைய ஆண்குரல், உரம் வாங்கிய ரசீதைப் படிப்பதுபோல் படித்தது.

"'அந்த செவப்பு சேலக்காரி கண்ணுல சொட்டு தண்ணி இல்ல, கிளிசரின் தீந்துபோச்சு போல.' இது நீங்க சொன்னதா?"

"ஆமாங்க."

"அந்தம்மா பொய்யாத்தான் அழுதாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுங்க. எனக்கு அப்புடித் தோணுச்சு."

யாரோ சிரித்தார்கள். ஓரத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் தலையைக் குனிந்துகொண்டார். வக்கீல் விடவில்லை. அமைச்சரைப் பற்றிச் சொன்னது, விவாகரத்து வழக்கைப் பற்றிச் சொன்னது, சாகாத வில்லியைப் பற்றிச் சொன்னது என்று ஒவ்வொன்றாகப் படித்தார். "ஐயா, இவங்க பார்க்காததுக்கெல்லாம் தீர்ப்பு சொல்ற பழக்கம் உள்ளவங்க. இவங்க சாட்சியத்த எப்படி நம்புறது?" என்று நீதிபதியைப் பார்த்துக் கேட்டார்.

அம்மா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ஐயா, நான் ஒண்ணு சொல்லலாங்களா? டிவியில அழுவறவங்களப் பத்தி பேசுனது எனக்குத் தோணுனது. மூடி செவுத்துல சாஞ்சி இருந்தது நான் பார்த்தது. ரெண்டும் ஒண்ணு இல்லைங்க. அது எனக்குத் தெரியும்."

நீதிபதி தலையாட்டி, மேற்கொண்டு கேட்கச் சொன்னார். வக்கீல் கடைசிக் காகிதத்தை எடுத்தார். நான் அழிக்காமல் விட்ட வீடியோ.

"முதலாளி வேணும்னே கைய வெட்டுனாருன்னு சொல்லியிருக்கீங்க. நீங்க பார்த்தீங்களா?"

"இல்லைங்க. அது தப்பு. கோவத்துல சொன்னது. அவரு வேணும்னு செய்யல. மூடிய போட வேணாம்னு சொன்னாரு. அதான் நான் கேட்டது."

"சரி. இத நெட்டுல போட்டது யாரு?"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். லூர்து அக்கா இடது கையால் என் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தாங்க" என்றாள்.

"தலைப்பு?"

"அதுவும் நான்தான் வெச்சேன்."

"அப்ப, நாலு பேரு பார்க்கணும்னு ஒரு பொண்ணோட கை போனத வேடிக்கையாக்கி இருக்கீங்க."

அம்மாவின் முகம் கறுத்துப்போனது. "அப்புடி நெனச்சிக்கிறதுன்னா நெனச்சிக்குங்க. மூடி செவுத்துலதான் இருந்துச்சு" என்றாள்.

தீர்ப்பு நாலைந்து மாதம் கழித்து வந்தது. முதலாளியின் கவனக்குறைவுதான் காரணம் என்று நீதிமன்றம் சொன்னது. லூர்து அக்கா இடது கையால் எழுதப் பழகி, திட்டக்குடியில் ஒரு துணிக்கடையில் பில் போடப் போனாள். அம்மாவுக்கு அகல்விளக்கு செய்யும் வேறொரு பட்டறையில் வேலை கிடைத்தது. சேனலையும் மறுபடி திறந்தாள். இப்போதும் யாரையும் விட்டுவைப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு வீடியோவையும், "எனக்குத் தோணுறது என்னன்னா" என்றுதான் ஆரம்பிக்கிறாள். நான் சென்னையில் வீடியோ வெட்டி ஒட்டும் வேலையில் இருக்கிறேன். அவள் சேனலுக்கு நான் தலைப்பு வைப்பதில்லை. அவளே வைத்துக்கொள்கிறாள்.

இதெல்லாம் பின்னால் நடந்தவை. அன்று சாட்சி சொல்லி முடித்து பாலக்கரை நிறுத்தத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். அம்மா வாங்கிக் கொடுத்த பன்னைத் தொடவில்லை.

"என்னாடி, ஏன் உம்முன்னு இருக்க?"

"நான் போட்டத நீ போட்டேன்னு சொல்லிட்ட. தலைப்பும் உன்னோடதுன்னு சொல்லிட்ட."

அம்மா என்னையே பார்த்தாள். "ஆமா, சொல்லிட்டேன்" என்றாள். பிறகு புறங்கையை என் நெற்றியில் வைத்துப் பார்த்து, "காச்ச இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மேஸ்திரி கேட்ட ஒரே ஒரு பொய்யைச் சொல்ல மாட்டேன் என்று, திரும்பக் கிடைக்கவிருந்த வேலையை விட்டவள் அவள். தன் பேச்சை யாரும் நம்பாமல் போய்விடக்கூடும் என்று தெரிந்தும் அந்தக் கூண்டில் நின்று இரண்டு பொய்களைச் சொல்லியிருந்தாள். யாருக்காக என்பது என் மண்டையில் ஏறப் பல வருடங்கள் ஆயின. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தனை பேர் பார்த்த தலைப்பை எழுதியவள் நான், பெயரை அம்மா தட்டிக்கொண்டு போய்விட்டாள் என்பது மட்டும்தான். மறுநாள் காலை வரை நான் அவளோடு பேசவில்லை.