முதுகில் விழுந்த உதை

நெஞ்சுக்குள் அரிவாளை விட்டுத் திருகுகிற மாதிரி ஒரு வலி. காங்கேயத்துக் களத்தில் காய்ந்துகொண்டிருந்த தேங்காய்ப் பருப்பைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த நான், அந்தப் பருப்பு மேலேயே குப்புற விழுந்தேன். முந்தின வாரம் பூராவும் சளிக் காய்ச்சல். அதோட மிச்சம் என்று நினைத்தேன். மூச்சை இழுத்தால் குத்தியது. இழுக்காமல் எப்படி இருக்கிறது?

வீட்டுக்குத் தூக்கிவந்து பாயில் மல்லாக்கப் போட்டார்கள். வலி இடது தோள் வரைக்கும் ஏறி அடித்தது. உருண்டு எழுந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்தேன். கொஞ்சம் விட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. கூட்டம் கூடிவிட்டால் எனக்கு வாய் வராது.

"வாய்வுப் பிடிப்புதான், அக்காளைக் கூப்பிடுங்க" என்றார்கள்.

அக்காள் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் நங்கையா என்று கூப்பிடுவேன். என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகும் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறார். தாய் வயிற்றிலிருந்து கால் முன்னால் வந்து பிறந்தவர். அப்படிப் பிறந்தவங்க முதுகில் உதைத்தால் பிடிப்பு விட்டுப்போகும் என்று எங்க பக்கம் நம்பிக்கை. சுத்துப்பட்டில் பாதிப் பேர் அவரிடம் உதை வாங்கியவர்கள்தான். "கட்டினவனைத்தான் உதைக்க முடியல, ஊரானையாச்சும் உதைக்கறேன்" என்று சிரிப்பார்.

வந்தவர் சேலையைத் தூக்கிச் சொருகினார். "அம்மணி, செவுத்தப் புடிச்சுக்கோ. ரண்டே உதைதான்."

வேண்டாமுங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் விழுந்தது. நெற்றி சுவரில் மோதிப் புடைத்தது. அடுத்த உதையில் கண் இருட்டிவிட்டது. அப்போதுதான் கோயம்புத்தூர் கணபதியிலிருந்து வந்து இறங்கிய என் மகன், திரும்பவும் தூக்கின காலைப் பிடித்து இழுத்தான். நங்கையா சாக்கு மேல் விழுந்தார். எழுந்து அவன் கன்னத்தில் பளாரென்று ஒன்று விட்டார்.

"தெய்வக் காரியத்துல கை வெக்கறயாடா?"

என்னைத் தூக்கி வண்டியில் போட்டான். கோயம்புத்தூர் வரும்வரை முன்சீட்டைக் கட்டிக்கொண்டு குனிந்தே வந்தேன்.

ஆஸ்பத்திரியிலும் மல்லாக்கப் படுக்கச் சொன்னார்கள். ஈசிஜி எடுக்க வேண்டுமாம். ஜாக்கெட்டைக் கழற்ற வேறு சொன்னார்கள். கூச்சத்தில் செத்துப்போகலாம் போல இருந்தது. ஒரு நர்ஸ் தோளை அமுக்கினாள். அமுக்கினதும் நெஞ்சு கிழிந்தது. யாரையும் கைநீட்டி அறியாத நான் அந்தப் பிள்ளையின் கையைக் கடித்துவிட்டேன். ரத்தம் வந்தது.

"பாட்டிக்கு எல்லாம் சொந்தப் பல்லுங்க டாக்டர்!" என்று கத்தினாள்.

டாக்டர் சின்னப் பையன். என்னைத் தூக்கி உட்காரவைத்தார். "படுத்தாதான் வலி கூடுதாம்மா?"

"ஆமாங்க."

"உக்காந்தா?"

"குனிஞ்சா... கொஞ்சம் அடங்குதுங்க." தரையைப் பார்த்துத்தான் சொன்னேன். அதுவரை என்னை யாரும் கேட்கவில்லை.

குனிந்தபடியே இருக்கச் சொல்லி, நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். அப்புறம் ஈசிஜி, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள்.

"இதயத்தைச் சுத்தி ரெண்டு மடிப்பா ஒரு பை இருக்கும்மா. அது அழற்சியில வீங்கியிருக்கு. துடிக்கும்போதெல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசுது. காய்ச்சல் கொடுத்த கிருமியோட வேலையா இருக்கும்."

"மாரடைப்பு இல்லீங்களா?" என்றான் மகன்.

"இல்ல. ஆனா வீட்டுல இருந்துக்கிட்டு அதைச் சொல்ல முடியாது. பையில கொஞ்சம் தண்ணி கோத்திருக்கு. நிறையக் கோத்தா இதயத்தையே நெரிச்சுடும்."

முற்றிக் காய்ந்த தேங்காயைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் பருப்பு ஓட்டில் உரசுமே, அந்தச் சத்தம்தான் எனக்கு நினைப்பு வந்தது. என் நெஞ்சிலும் அதுதான் போல.

முதுகில் கன்றியிருந்த குதிகால் தடத்தைப் பார்த்துவிட்டு, "இது யாரு அடிச்சது?" என்றார்.

"வைத்தியமுங்க" என்றான் மகன்.

டாக்டர் அந்தத் தடத்தில் விரலை வைத்துப் பார்த்தார். "இது திரும்பவும் வரலாம். வந்தா நேரா ஆஸ்பத்திரிக்கு வாங்க. இன்னொரு உதை வேண்டாம்."

மாத்திரையில் குணமானேன். சில மாதம் கழித்து, வாசலில் அரிவாளால் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தபோது அதே திருகல். மகன் கணபதியில். முனகலைக் கேட்டு நங்கையாதான் வந்தார், சேலையைச் சொருகிக்கொண்டே.

"டாக்டரு கிழிச்சது போதும். திரும்பு அம்மணி."

குனிந்தபடியே அரிவாளை எடுத்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தேன்.

"காலைத் தூக்குனீங்கன்னா வெட்டிப்போடுவேனுங்க."

நங்கையா அப்படியே நின்றார். "வெட்டறதக்கூட மருவாதியாத்தான் வெட்டுவ போல" என்று சொருகின சேலையை இறக்கிவிட்டு, ஆட்டோவைக் கூப்பிட ஓடினார்.

ஆட்டோவில் நான் மூச்சுக்குத் தவித்துச் சாயப் பார்த்தபோது, தோளைப் பிடித்து முன்னால் வளைத்துக்கொண்டது அவர்தான். "குனிஞ்சுக்கோ அம்மணி, குனிஞ்சுக்கோ" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அரிவாள் என் கையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில்தான் அதைக் கேட்டு வாங்கினார்.