அத்திப்பள்ளிக்கு அந்தப்பக்கம் ஒரு மேசை

ஓசூரில் ஒரு கம்பெனியின் குவாலிட்டி பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம். டிப்ளமோ முடித்த கையோடு வந்து சேர்ந்த வேலை அது. இரும்புத் தகட்டை அழுத்தி, வண்டிகளுக்கான பிராக்கெட் செய்கிற கம்பெனி. எங்கள் பிரிவில் நாங்கள் நான்கு பேர். ஒன்றாக டீ குடிப்போம், ஒன்றாகக் கம்பெனி பஸ்ஸில் ஏறுவோம். ஒருவன் லீவு போட்டால் மற்ற மூவரும் அவனைத் திட்டிக்கொண்டே அவன் வேலையையும் சேர்த்துச் செய்வோம். அதெல்லாம் ஒரு கொடுப்பினை என்று அப்போது தோன்றவில்லை.

ஒரு நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த வாரத்துல இருந்து நீங்க கஸ்டமர் கம்பெனில உக்காரணும். ரெசிடென்ட் இன்ஜினியர். கார்டுலயே இன்ஜினியர்னு போட்டுத் தருவாங்க. நல்ல சான்ஸ், விட்டுடாதீங்க."

உடனே ஊருக்கு போன் செய்தேன். மாலைக்குள் அம்மா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நண்பர்கள் கைகொடுத்தார்கள். அவர்களில் ஒருவன் மட்டும் கேட்டுக்கு வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னான். "எங்க மூணு பேரையும் கேட்டுட்டுத்தான்டா உங்கிட்ட வந்தாரு. நாங்க யாரும் ஒத்துக்கல."

ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பது அங்கே போனதும் தெரிந்தது. கஸ்டமர் கம்பெனி அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்தில் இருந்தது. எங்கள் கம்பெனி அனுப்பும் பிராக்கெட்டுகளை அங்கே வண்டியில் மாட்டுவார்கள். மாட்டும்போது ஏதாவது பிசகினால் உடனே திட்டு வாங்குவதற்கு எங்கள் ஆள் ஒருவன் அங்கேயே இருக்க வேண்டும். அந்த ஆள்தான் நான். சரக்கு வந்து இறங்கும் ஸ்டோர்ஸின் மூலையில் ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் கொடுத்தார்கள். என்னைப் போலவே வேறு வேறு கம்பெனிகளில் இருந்து வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் அங்கே இருந்தார்கள். யாரும் யாரோடும் அதிகம் பேசுவதில்லை. ஒருவருடைய கம்பெனியின் பிரச்னை இன்னொருவருக்குத் தெரிந்துவிடக் கூடாது அல்லவா.

அங்கே யாருக்கும் பெயர் இல்லை. எந்தப் பொருளை அனுப்புகிறோமோ அதுதான் பெயர். ரப்பர் ஹோஸ், கண்ணாடி, சீட் கவர், ஒயரிங். வண்டி பூட்டும் லைனில் இருந்து ஒருவர் வந்து "பிராக்கெட்!" என்று கத்தினால் நான் எழுந்து ஓட வேண்டும். சில நாட்களில் காலையில் அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பியதில் இருந்து ராத்திரி திரும்பி வரும்வரை என் பெயரை ஒருவரும் உச்சரித்திருக்க மாட்டார்கள். அறையில் உடன் இருந்தவனுக்கு எப்போதும் இரண்டாவது ஷிப்ட். நான் வரும்போது அவன் இருக்க மாட்டான், அவன் வரும்போது நான் தூங்கியிருப்பேன். கொடியில் காயும் அவன் சட்டை மாறியிருப்பதை வைத்துத்தான் அவன் வந்து போனதைத் தெரிந்துகொள்வேன்.

முதல் சில மாதங்கள் மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். கூப்பிட்டால் போவேன், திட்டு வாங்குவேன், திரும்பி வருவேன். என் முகம் தெரிந்தாலே லைனில் உள்ளவர்களுக்கு ஒரு பிரச்னை ஞாபகம் வரும்படி ஆகிவிட்டது. இதை ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது நானே உணர்ந்தேன். அடுத்த நாள் யாரும் கூப்பிடாமலே லைனுக்குப் போய் நின்றேன். லைன் இன்சார்ஜ் நாற்பது வயதைத் தாண்டியவர், கன்னடக்காரர், எந்நேரமும் கோபமாக இருப்பவர்.

"யாக்கே பந்தே?" என்றார். ஏன் வந்தாய் என்று கேட்கிறார் என்பது புரிந்தது. "என்னா பிராப்ளம்?"

"ஒண்ணும் இல்ல சார். எங்க பார்ட் எப்படி மாட்டுறாங்கன்னு பாக்கலாம்னு வந்தேன்."

அவர் என்னை நம்பவில்லை. ஆனால் போகச் சொல்லவும் இல்லை. அன்றில் இருந்து தினமும் காலையில் ஒரு சுற்று போய் வந்தேன். மாட்டுகிறவர்கள் பிராக்கெட்டை ஒரு தட்டு தட்டித்தான் உள்ளே நுழைக்கிறார்கள் என்பதைப் பார்த்து எங்கள் கம்பெனிக்கு எழுதினேன். பஸ்ஸிலும் டீக்கடையிலும் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு கன்னடம் கற்றுக்கொண்டேன். தப்புத் தப்பாகப் பேசுவேன், சிரிப்பார்கள். சிரித்தவர்கள் பிறகு திட்டும்போது சத்தம் கொஞ்சம் குறைந்தது. தெரியாததைக் கேட்டால் சமாளிக்காமல், "தெரியல சார், மத்தியானத்துக்குள்ள கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிப் பழகினேன். மத்தியானத்துக்குள் பதில் கிடைக்காவிட்டாலும், இன்னும் கிடைக்கவில்லை என்றாவது போய்ச் சொல்லிவிடுவேன். இப்போது யாராவது முன்னேற வழி கேட்டால் இந்த இரண்டைத்தான் முதலில் சொல்கிறேன். கூப்பிடுவதற்கு முன்னால் போய் நில்லுங்கள். சொன்ன நேரத்துக்குப் போய் நில்லுங்கள்.

ஆனால் இவ்வளவு செய்தும் பேச்சுத் துணை என்று ஒருவர் கிடைக்கவில்லை. ஓசூர் கம்பெனியில் என் நண்பர்கள் மூவரும் நான் அனுப்பும் மெயிலைக் கண்டாலே எரிச்சலானார்கள். நான் எழுதும் ஒவ்வொரு வரியும் அவர்களுக்கு ஒரு கூடுதல் வேலை. "அங்க போனதும் நீ கஸ்டமர் ஆளாவே ஆயிட்டடா" என்றான் ஒருவன். இங்கே இருப்பவர்களுக்கோ நான் வெளியாள்.

பிறகு அந்த நாள் வந்தது. வந்து இறங்கிய சரக்கில் ஒரு பெட்டியைப் பிரித்து என் மேசையில் வைத்து, துளையின் அளவைச் சோதிக்கும் கேஜ் போட்டுப் பார்த்தேன். சில பிராக்கெட்டுகளில் துளை சிறுத்திருந்தது. எல்லாவற்றிலும் இல்லை, அங்கொன்றும் இங்கொன்றுமாக. லைனில் போல்ட் நுழையாது, அல்லது தட்டி நுழைப்பார்கள். நுழையாவிட்டால் லைன் நின்றுபோகும், தட்டி நுழைத்தால் வண்டி ரோட்டில் ஓடும்போது கழன்றுவிடலாம். மேனேஜருக்கு போன் செய்தேன்.

"லைன்ல கண்டுபிடிச்சாங்களா?" என்றார்.

"இன்னும் இல்ல சார்."

"அப்பறம் என்ன? நீங்களா போய் வாயத் திறக்காதீங்க. அடுத்த லாட்ல சரி பண்ணிடலாம்."

போனை வைத்தேன். யாரிடமாவது கேட்க வேண்டும் போல இருந்தது. அப்பாவுக்கு பிராக்கெட் என்றால் என்னவென்றே தெரியாது. நண்பர்களிடம் கேட்டால் அது மேனேஜர் காதுக்குப் போகும். பக்கத்து மேசையில் இருந்த ரப்பர் ஹோஸ்காரர் தலை நிமிராமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து நேராக லைன் இன்சார்ஜிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

அவர் போட்ட சத்தம் அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டது. உடனே லைனை வேறு மாடலுக்கு மாற்றினார்கள். எங்கள் பெட்டிகள் அத்தனையையும் ஸ்டோர்ஸ் வாசலில் இறக்கி வைத்து, ஒவ்வொன்றாக கேஜ் போட்டு நல்லதையும் கெட்டதையும் பிரிக்கச் சொன்னார்கள். இதைத்தான் சார்ட்டிங் என்போம். ஓசூரில் இருந்து எங்கள் ஆட்கள் வேனில் வர வேண்டும். வேன் வழியில் சந்தாபுரம் நெரிசலில் மாட்டிக்கொண்டது. தரையில் அட்டையை விரித்து நான் ஒருவனாக உட்கார்ந்து பிரிக்கத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் ரப்பர் ஹோஸ்காரர் வந்து எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு கேஜை எடுத்துக்கொண்டு அவரும் பிரிக்க ஆரம்பித்தார். எங்கள் வேன் வந்து நின்றதும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் கம்பெனியில் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். நேரடியாக யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வருடக் கடைசியில் மற்ற மூவருக்கும் பதவி உயர்வு வந்தது, எனக்கு வரவில்லை. நண்பர்கள் கொண்டாடிய படத்தை வாட்சப்பில் பார்த்தேன். வாழ்த்துகள் என்று போட்டேன். அவர்கள் கையெடுத்துக் கும்பிடும் படத்தைப் பதிலுக்குப் போட்டார்கள்.

லைன் இன்சார்ஜ் மட்டும் ஒரு நாள் என் மேசையைக் கடந்து போகும்போது நின்று, "நீனே பந்து ஹேளித்யல்லா, அது சாக்கு" என்றார். நீயே வந்து சொன்னாயே, அது போதும் என்று அர்த்தம். சொல்லிவிட்டு நிற்காமல் போய்விட்டார்.

தொழில் தொடங்கும் எண்ணம் ரப்பர் ஹோஸ்காரரால்தான் வந்தது. அவருடைய கம்பெனி பெங்களூருக்கு அந்தப்பக்கம் இருந்தது. ஒரு பிரச்னை வந்தபோது அவர் என்னிடம் கேட்டார். "எங்க ஆளுங்க வந்து சேர நாளைக்கு ஆயிடும். ஓசூர்ல சார்ட்டிங் பண்ண ஆள் கெடைப்பாங்களா?"

என்னால் அன்றைக்கு உதவ முடியவில்லை. ஆனால் மனதில் அது உட்கார்ந்துகொண்டது. இத்தனை கம்பெனிகள் இங்கே ஆளை உட்கார வைத்திருக்கின்றன, எல்லோருக்கும் ஒரு நாள் இந்த அவசரம் வருகிறது, எல்லோரும் தொலைவில் இருந்து வேன் வரக் காத்திருக்கிறார்கள். உடனே வேலையை விட்டுவிடவில்லை. அந்தப் புத்தி இருந்தது எனக்கு. மேசை மேசையாகப் போய், பிரச்னை வந்தால் என்ன செய்வீர்கள், ஆள் தந்தால் உங்கள் கம்பெனி ஒத்துக்கொள்ளுமா என்று விசாரித்தேன். அதுவரை பேசாமல் இருந்தவர்கள்கூட இதற்கு வாய் திறந்தார்கள். வெளியாட்களைக் கேட்டுக்குள் விட பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டியிருக்க வேண்டும், ஷூ வேண்டும் என்பதையெல்லாம் ஸ்டோர்ஸில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இரண்டு கம்பெனிகள் சரி என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் ராஜினாமா கொடுத்தேன். என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு இதையும் சொல்வேன். கடை போட்டுவிட்டு ஆளைத் தேடாதீர்கள். வாங்கப் போகிறவரைப் பார்த்துவிட்டுக் கடை போடுங்கள்.

நான் குடியிருந்த தெருவில் கான்ட்ராக்ட் முடிந்து வீட்டில் இருந்த நான்கு பெண்களோடு தொடங்கினேன். அவர்களுக்குக் கேஜ் பிடிக்கச் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை, பல வருடம் லைனில் நின்றவர்கள். அவர்களில் மூத்தவர் தெலுங்கு பேசுகிறவர், கலகலப்பானவர். மற்றவர்களை அவரே கட்டி மேய்த்தார்.

ஊரில் அப்பாவிடம் விளக்கிச் சொன்னேன். நிலக்கடலைக் காட்டில் நின்றுகொண்டு முழுக்கக் கேட்டார்.

"அப்ப அடுத்தவன் தப்பு பண்ணாத்தான் உனக்குச் சோறா?"

"அப்படித்தான்பா."

"என்னா பொழப்போ போ. இருந்த வேலைய உட்டுகினு வந்து…" என்று சொல்லிவிட்டுக் களை பிடுங்கக் குனிந்துவிட்டார்.

பெண் பார்க்கவும் போனோம். போச்சம்பள்ளி பக்கம் ஒரு வீடு. பெண்ணின் அப்பா மரியாதையாகத்தான் கேட்டார்.

"மாப்ள இப்ப எந்தக் கம்பெனிங்க?"

"மூணு கம்பெனிக்கு வேலை செய்றேங்க."

"மூணுலயும் வேலைன்னா, ஒண்ணுலயும் இல்லன்னுதானுங்களே அர்த்தம்?"

அம்மா ஏதோ சொல்லிச் சமாளித்தார். அதன்பிறகு இரண்டு இடம் வந்தது, அதுவும் அமையவில்லை. பிறகு அம்மாவும் கேட்பதை விட்டுவிட்டார்.

தொழில் காலூன்றி நின்றுவிட்டது. நன்றாகவே நிற்கிறது. ஓசூரில் பாகலூர் ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன ஆபீஸ் அறை, ஒரு வேன், இருபத்துச் சொச்சம் பேர். ஒரே கம்பெனியை நம்பி இருக்கக் கூடாது என்பதை ஒரு மந்தமான மழைக்காலத்தில் கற்றுக்கொண்டு, ஏழெட்டுக் கம்பெனிகளுக்குப் பரப்பிக்கொண்டேன். ஆனால் என் போன் அடித்தால் அந்தப்பக்கம் யாரோ பதற்றத்தில் இருக்கிறார் என்று அர்த்தம். பிரச்னை தீர்ந்தால் போன் அடிப்பது நின்றுவிடும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்க இந்தத் தொழிலில் எவருக்கும் அவசியம் இல்லை. ரப்பர் ஹோஸ்காரரும் வேலை மாறி புனே பக்கம் போய்விட்டார். போகும்போது ஒரு மெசேஜ் போட்டிருந்தார். அந்த எண் இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது.

போன ஆயுத பூஜைக்கு ஆபீஸ் அறையில் கேஜ்களையும் வேன் சாவியையும் வைத்துச் சாமி கும்பிட்டோம். பெண்கள் எல்லோரும் பட்டுப்புடவையில் வந்திருந்தார்கள். பொரிப் பொட்டலத்தையும் இனிப்பையும் வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குக் கிளம்பினார்கள். பூசணிக்காய்த் துண்டுகளை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் கதவைச் சாத்தப் போனபோது ஒரு கம்பெனியில் இருந்து போன் வந்தது. நாளைக்கு விடிந்ததும் ஆட்கள் வேண்டும் என்றார்கள். தெலுங்கு பேசும் அந்த மூத்த பெண்மணியைப் போனில் கூப்பிட்டேன்.

"ஆளுங்கள நான் சொல்லிக்கறேன் சார். நீங்க சாப்டீங்களா?"

"ஆச்சும்மா."

"எங்க ஆச்சு? நீங்க சாப்டற மெஸ்ஸு இன்னிக்கு லீவாச்சே. வாங்க சார் வீட்டுக்கு, இங்கதான இருக்கீங்க."

போனேன். சின்ன வீடு, நிறைய சொந்தக்காரர்கள், வாசல் வரைக்கும் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் உள்ளே நுழைந்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள். எனக்கு மட்டும் நாற்காலி போட்டு, முன்னால் ஸ்டூல் வைத்து, இலை விரித்தார்கள். அவர் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "நீங்களும் உக்காருங்க" என்றேன். "நீங்க சாப்டுங்க சார், நாங்க அப்பறம்" என்றார்கள். நான் ஒருவனாகச் சாப்பிட, அவர்கள் நின்று பார்த்தார்கள். போளியை அங்கே ஒப்பட்டு என்பார்கள், நன்றாக இருந்தது. இன்னொன்று கேட்டுச் சாப்பிடலாம் என்றுதான் இருந்தது. அவர்களுக்குப் பசிக்குமே என்று வேகமாக முடித்துக்கொண்டு எழுந்தேன். தெருமுனை திரும்புவதற்குள் டிவியும் சிரிப்பும் மறுபடி கேட்கத் தொடங்கின.

மறுநாள் விடியலில் வேன் வந்து நின்றது. பெண்கள் ஏறினார்கள். முன்சீட்டு காலியாக இருந்தது. "வாங்க சார், எடம் இருக்கு" என்றார் மூத்தவர். நான் ஏறினால் போகிற வழியெல்லாம் அவர்கள் வாயைக் கட்டிக்கொண்டு வர வேண்டும்.

"நீங்க போங்க, நான் பின்னாடியே வர்றேன்" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தேன்.