வெள்ளைப் பெட்ரோலில் நனைந்த முகூர்த்தப் பட்டு

வீட்டுக்கு வர்ணம் பூச வந்த பெயிண்டர் இன்று பிரஷ்ஷை டர்பன்டைனில் முக்கியதும், அந்த வாசம் என்னைத் திருநகரில் பட்டுத்துணிகளைத் தண்ணீர் படாமல் வெளுக்க காதர் அண்ணன் வைத்திருந்த பெட்ரோல் வாஷ் கடைக்கே இழுத்துப் போய்விட்டது. தண்ணீர்போலத் தெளிந்த வெள்ளைப் பெட்ரோலும், அதில் பட்டுப்புடவையை அலசும் சளக் சளக் சத்தமும், மூக்கைத் துளைத்து நெஞ்சுவரை இறங்கும் நெடியும் நிறைந்த அந்தக் கடை இப்போது இல்லை.

எனக்கு அப்போது பத்து வயது. மறுநாள் சின்ன அத்தைக்குக் கல்யாணம். ஓரம் தைக்கக் கொடுத்த முகூர்த்தப் பட்டுப்புடவையை சைக்கிளில் வாங்கிவந்த நான், முந்தானையைச் செயினில் சிக்கவிட்டு கிரீஸ் மசியாக்கியிருந்தேன். அழுதுகொண்டே அத்தையோடு கடைக்கு ஓடினேன்.

"இந்த வெள்ளைப் பெட்ரோலு மண்ணெண்ணெய்க்குத் தங்கச்சி, பாப்பா. ரெண்டுமே பூமிக்கடியில எடுக்குற எண்ணெயக் காச்சி இறக்குறதுதான். எம்புட்டு மசின்னாலும் கரைச்சிரும்" என்றார் காதர் அண்ணன். சொன்னபடியே கறை மாயமானது.

"ஆனா வாசம் போகாம ஓமத் தீக்கிட்ட உக்காந்துராதம்மா. குப்புனு பத்திக்கிரும்."

கடைக்குப் பின்னால் பொட்டல். நெடி போகக் காயவைக்க, புடவையின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நானும் அத்தையும் ஓடினோம். சிவப்புப் பட்டு காற்றில் புடைத்துப் படபடக்க, கல்யாணப் பெண் வெளியே போகக்கூடாதென்று ஒரு வாரமாக வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த அத்தை செருப்பை உதறிவிட்டுக் கத்திச் சிரித்தாள்.

அண்ணன் முந்தானையை முகர்ந்து பார்த்தார். "போதும்மா, சுத்தமாக் காஞ்சிருச்சு."

அத்தை மூச்சு வாங்கியபடி சொன்னாள்: "இருங்கண்ணே, இன்னும் ஒரே ஒரு தடவ ஓடிட்டு வாரேன்."