பிளாங்க் போத்தலின் மூடி

இதைக் கட்டுக்கதை என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். அந்தப் போத்தலை மூடியது என் கை.

2009 மே, ஒரு சனிக்கிழமை. டென்மார்க்கின் ஓல்போர்க் நகரில் நான் வேலை செய்த தண்ணீர்ப் பரிசோதனைக்கூடம். முள்ளிவாய்க்காலில் சிக்கிய தம்பி கஜதீபனைப் பற்றி இரண்டு கிழமையாகச் செய்தி இல்லை. வீட்டில் இருந்தால் தொலைபேசியைப் பார்த்தே பைத்தியம் பிடித்துவிடும் என்று வேலைக்கு வந்திருந்தேன்.

கிணற்றுத் தண்ணீரில் மிக மிகச் சொற்பமாக இருக்கும் ஆர்செனிக்கை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் அளப்பது என் வேலை. மாதிரிகளுக்கு நடுவே சுத்தமான தண்ணீரை ஓட்டுவோம். அதற்குப் பெயர் பிளாங்க். அதில் ஒன்றும் வரக்கூடாது.

வந்தது.

எரிச்சலோடு போத்தலைக் கழுவி நிரப்பினேன். மறுபடியும் வந்தது. தண்ணீரும் நான்கு விரல் குறைந்திருந்தது. இயந்திரம் அவ்வளவு இழுக்காது.

கூட வேலை செய்யும் நிக்கலஸ் திரையைப் பார்த்தான். இது ஆர்செனிக் இல்லை, உப்பு என்றான். உப்பு கலந்தால் இயந்திரம் ஏமாந்து ஆர்செனிக் என்று காட்டும். வாய் வைத்துக் குடித்தாயா என்று கிண்டல் வேறு.

அவன் சாப்பிடப் போனான். நான் மூன்றாம் முறை நிரப்பி வைத்துவிட்டுத் திரும்பினேன்.

மடக்... மடக்...

பார்த்தேன். ஒருவரும் இல்லை. தண்ணீர் மட்டும் இறங்கிக்கொண்டிருந்தது. போத்தலின் வாயில் ஈரமணல்.

பயந்தேன். பயத்தைவிடக் கோபம் வந்தது.

"போதும்" என்று கத்தினேன். டென்மார்க்கில் யாரிடம் தமிழில் கத்தினேன்?

துளையுள்ள மூடியை எடுத்தேன். இயந்திரம் தண்ணீர் இழுக்கும் குழாயைத் துளை வழியே உள்ளே விட்டேன். இறுக்கித் திருகினேன்.

கண்ணாடியில் நகம் சுரண்டியது...

மெதுவாக...

நின்றது.

பிளாங்க் சுத்தமாக வந்தது. மணி பதினொன்றே கால். சந்தோஷமாகக் கோப்பி போட்டுக் குடித்தேன்.

ஐப்பசியில் அகதி முகாமிலிருந்து தவமலர் மாமி தொலைபேசியில் பேசினார். தம்பியின் கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்தவர். வயிற்றில் காயத்தோடு கடலேரிக் கரையில் கிடந்தானாம். தண்ணீர் தண்ணீர் என்று கேட்டானாம். வேறு வழியில்லாமல் உப்புத் தண்ணீரைத்தான் வாயில் விட்டார்களாம்.

"பிறகு ஒருத்தரும் குடுக்காமலே விழுங்கினான், பிள்ளை. நல்ல தண்ணி, அக்கா தாறா எண்டான்."

எத்தனை மணிக்கு என்று கேட்டேன். மாமியின் கையில் மணிக்கூடு இருந்திருக்கிறது. அதே சனிக்கிழமை, மத்தியானம் இரண்டே முக்கால் என்றார். டென்மார்க்கில் அப்போது பதினொன்றே கால்.

பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன்.

"மூண்டாந்தரம் பாதியிலை நிப்பாட்டினான். அக்கா மூடிப்போட்டா எண்டான். அவ்வளவுதான்."